கதவுகளால் ஆன வேலி

வேலி நகர்ந்த கதை எதை எடுத்தாலும் அதில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார், அவர் கையில் குழி தோண்ட ஓர் அலவாங்கு இருக்கும், கதையின் முடிவில் ஒரு வழக்கறிஞர் பணக்காரராவார். இந்தக் கதையில் அந்த மூவரும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. ரொறன்ரோவின் வடக்கே, ஒரு பக்கம் பள்ளத்தாக்கும் மறுபக்கம் நெடுஞ்சாலையுமாக இருந்த ஒரு குடியிருப்பில், இலையுதிர்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, யூதர்களின் வேலி யாரும் தொடாமல் தானாகவே ஒரு தெருத் தூரம் உள்ளே வந்து நின்றிருந்தது. அதை முதலில் கண்டவள் யூதப் பெண் அல்ல, வன்னியிலிருந்து வந்த தவமலர்.

அதை வேலி என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் சிரிப்பார்கள். நட்டுத் தழைக்கவிட்ட கதியால் இல்லை, ஓலை பின்னிய கிடுகு இல்லை, எட்டிப் பார்த்து வம்பளக்கப் பொட்டு என்று ஓர் ஓட்டை இல்லை. தெருவோரம் இடைவெளி விட்டு நட்ட மெல்லிய தூண்களும், அவற்றின் உச்சியோடு உச்சியாக ஓடும் ஒரு கம்பியும் மட்டுமே, அதுவும் வெயில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால்தான் தெரியும். யூதர்களின் ஓய்வுநாளான சபாத், வெள்ளி மாலை சூரியன் மறையத் தொடங்கிச் சனி இரவில் முடிகிறது. அன்று வீட்டுக்குள் எதை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு நடக்கலாம். தெருவில் ஒரு சாவியைக்கூட, ஒரு கைக்குட்டையைக்கூட, அழும் பிள்ளையைக்கூடத் தூக்கக் கூடாது, சக்கரம் பூட்டிய எதையும் தள்ளக் கூடாது. ஆகவே பழைய சட்ட அறிஞர்கள் கூடி யோசித்து, தெருவை வீடாக்கிவிட்டார்கள். வீட்டுக்குச் சுவர் வேண்டும். இரண்டு கால்களும் மேலே ஒரு குறுக்கும் இருந்தால் அது கதவுநிலை. கதவுநிலைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஊரைச் சுற்றி நிறுத்தினால் அது சுவர். முழுக்க முழுக்கக் கதவுகளாலேயே ஆன சுவர் எதைத்தான் மறிக்கும் என்று யாரோ கேட்டிருக்கிறார். எதையும் மறிக்காது, ஆனாலும் சுவர்தான் என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். அத்தோடு, சுவருக்குள் இருக்கும் எல்லோருக்கும் பொதுவாகத் தொழுகைக்கூடத்தில் ஒரு பெட்டியில் ரொட்டி வைத்திருப்பார்கள். ஒரே ரொட்டியில் பங்குள்ளவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள் என்பது கணக்கு.

கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும் வீடு கலைந்து மறுபடி தெருவாகிவிடும். அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒருவர் சுற்றிவந்து பார்த்து, நிற்கிறது அல்லது நிற்கவில்லை என்று தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து வைப்பார். ஊர் அந்த எண்ணை அழைத்துக் கேட்டுவிட்டுத்தான் பிள்ளை வண்டியை வெளியே எடுக்கும். அந்தப் பொறுப்பு ஹெர்ஷல் என்ற, ஓய்வுபெற்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் இருந்தது. ஆயுள் முழுதும் ஊருக்குப் பார்வை விற்றவருக்குக் கடைசியில் தன் கண்ணிலேயே மங்கல் விழுந்து, கம்பியும் வானமும் ஒன்றாகிவிட்டன. தவமலர் அப்போது கூடத்தின் சமையலறையில் தொண்டராக இருந்தாள். அவளுடைய தாயார் ஆஸ்பத்திரியில் கடைசி மாதங்களைக் கழித்தபோது, முன்பின் தெரியாத இரண்டு யூதப் பெண்கள் கிழமைதோறும் மரக்கறி சூப் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்துவிட்டுப் போனார்கள்; தாயாரின் முப்பத்தோராம் நாள் செலவுச் சடங்கு முடிந்த கையோடு அவள் கூடத்தின் கதவைத் தட்டி, என்ன வேலை இருக்கிறது என்று கேட்டாள்; உருளைக்கிழங்கு உரிக்கும் வேலை இருந்தது. அவளிடம் கார் இருப்பது தெரிந்ததும் ஹெர்ஷலை வெள்ளிக்கிழமைகளில் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னார்கள். யூதரல்லாதவள் பார்த்துச் சொல்வது செல்லுமா என்ற கேள்வியை நாகும் என்ற ரபி, அதாவது அந்தச் சபையின் குரு, பல நாள் புத்தகங்களோடு மல்லுக்கட்டி இப்படித் தீர்த்தார்: கண் யாருடையதாகவும் இருக்கலாம், "நிற்கிறது" என்று சொல்லும் வாய் ஹெர்ஷலுடையதாக இருக்க வேண்டும்.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை அவள் பார்த்தாள், அவர் கேட்டார். இருவரும் பேசியது ஆங்கிலம்தான், ஆனால் எந்த மொழியில் சொன்னாலும் தவமலரின் காதுக்குள் அது வன்னித் தமிழாகவே இறங்கும் என்பதால் இங்கும் அப்படியே இருக்கட்டும்.

"மிஸ்டர் ஹெர்ஷல், தூண் நடந்திருக்கு."

"தூண் நடக்காது, தவா. காத்துக்குச் சரிஞ்சிருக்கும்."

"சரியேல்லை. நிமிர்ந்துதான் நிக்குது. போன கிழமை பேக்கரிக்கு அங்கால நிண்டது, இண்டைக்கு இங்கால நிக்குது."

"கம்பி?"

"இருக்கு."

"தொய்வு?"

"தொய்வில்லை."

"அப்ப நிக்குது," என்று சொல்லி அவர் தொலைபேசியை எடுத்தார்.

தவமலர் இறங்கிப் போய்த் தூணின் அடியைப் பார்த்தாள். கொங்கிறீற்றுக் கால், அதில் பல வருடத்துப் பாசி, பாசியில் ஒரு நத்தை. தூண் முன்பு நின்ற இடத்தில் குழி இல்லை, புல் இருந்தது, அந்தப் புல்லும் பழைய புல். அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள், ஏனென்றால் உள்ளே உள்ளே வரும் கோடு ஒன்றை அவள் முன்பே அறிவாள். வன்னியில், போரின் கடைசி மாதங்களில், அதற்குப் பாதுகாப்பு வலயம் என்று பெயர். வானொலியில் எல்லையை அறிவிப்பார்கள், சனம் மூட்டையோடு உள்ளே போகும். சுருக்கி அறிவிப்பார்கள், சனம் கடற்கரையை நோக்கி இன்னும் உள்ளே போகும். அவளுடைய அண்ணன், கட்டையில் கட்டிக் கிடந்த பசுவை அவிழ்த்துவிடத் திரும்பிப் போனார். அவர் கயிற்றை அவிழ்த்த நேரத்தில் கோடு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

அடுத்த வெள்ளி இன்னொரு தெரு. அதற்கடுத்த வெள்ளி பள்ளத்தாக்குப் பக்கமும் உள்ளே வந்தது. தவமலர் இதைச் சொன்ன முதல் தமிழர், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் சங்கத்தில் ஓடியாடும் பேரின்பநாதன். அவர் கோப்பியை உறிஞ்சிக்கொண்டு ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னார்: "ஆரோ வேலியை அரக்கி அரக்கி நகர்த்திறான் அக்கா. உள்ளுக்கு எங்கட ஆக்கள் ஆரும் வீடு வாங்கியிருக்கினமோ எண்டு பாருங்கோ."

யூதர்கள் இதை எடுத்துக்கொண்ட விதம்தான் தவமலருக்குத் தூணைவிட விந்தையாக இருந்தது. முதலில் நகரசபையைக் கேட்டார்கள்; அங்கிருந்தவர்கள் தாங்கள் எதையும் நகர்த்தவில்லை என்றார்கள். ஒரு பொறியியலாளர் வந்து அளந்து, தூண்கள் பல்லாண்டுகளாக இதே இடத்தில்தான் நிற்கின்றன என்று எழுதிக் கையெழுத்திட்டார். தொழுகைக்கூடத்தின் செயற்குழு கூடியது. அதில் ஒருவர் அற்புதம் என்றார், ஒருவர் தண்டனை என்றார், ஒருவர் காப்புறுதி பற்றிக் கேட்டார். ரபி நாகும் எல்லோரையும் கேட்டுவிட்டு, கம்பி எப்படி வந்தது என்று சட்டம் கேட்பதில்லை, எங்கே நிற்கிறது என்றுதான் கேட்கிறது, எங்கே நிற்கிறதோ அதுவே வீடு என்று தீர்த்தார். அந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் பிடித்திருந்தது, ஏனென்றால் அதற்குப் பிறகு செய்வதற்கு வேலை இருந்தது, வேலை இருக்கும் இடத்தில் அந்தச் சபைக்குப் பயம் குறைவு. வெளியே விழுந்த குடும்பங்கள் வெள்ளி மதியமே மெத்தையும் பானையுமாக உள்ளே வந்தன. யார் யாரை யார் வீட்டில் விடுவது என்று பார்க்கத் தொண்டர்களை நியமித்தார்கள். மாடிப்படிகளில் பிள்ளைகளும் குளியலறைத் தொட்டிகளில் மாமாக்களும் தூங்கினார்கள், இத்தனை விருந்தினரை ஒரே சபாத்தில் உபசரிக்கும் பேறு தங்கள் பாட்டன்மாருக்கும் கிடைத்ததில்லை என்று வீட்டுக்காரர்கள் பூரித்தார்கள், நெருக்கத்தின் பயனாக இரண்டு கல்யாணங்களும் நிச்சயமாயின. பிள்ளைகள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். எல்லோரும் கைகோர்த்து வட்டமாக நின்று உள்ளே உள்ளே நடப்பார்கள், நடுவில் நிற்பவன் மூச்சுமுட்டிக் கத்தும்போது விளையாட்டு முடியும்.

பிறகு, படிப்படியாக, வேறொன்று நடந்தது. உள்ளே வராதவர்கள் சிலர் இருந்தார்கள், வர முடியாதவர்களும் விரும்பாதவர்களும். அவர்களை முதலில் "வெளியில் இருக்கும் நம்மவர்" என்றார்கள், பிறகு "வெளியில் இருப்பவர்கள்" என்றார்கள், பிறகு "அவர்கள்" என்றார்கள், பிறகு அவர்களுக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. வெளியே விழுந்த பேக்கரியின் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. தொலைபேசியில் அந்தத் தெருக்களின் பெயர் வந்தால் பேச்சு தடக்கி வேறுபக்கம் திரும்பியது. அதே மாதங்களில் நகரின் இன்னொரு தொழுகைக்கூடத்தின் யன்னலை யாரோ கல்லால் உடைத்திருந்தார்கள், இங்கேயும் பெயர் சொல்லாத ஆட்கள் தொலைபேசியில் அழைத்து அசிங்கமாகப் பேசிவிட்டு வைத்தார்கள். ஆகவே கூடத்தின் வாசலில் இரண்டாவது பூட்டு வந்தது, மூன்றாவது வந்தது, மஞ்சள் மேலாடை அணிந்த காவல் தொண்டர்கள் வந்தார்கள். பூட்டு வந்ததால் கம்பி நகர்ந்ததா, கம்பி நகர்ந்ததால் பூட்டு வந்ததா என்று ஒரு சர்ச்சை எழுந்து, இரண்டு பக்கமும் ஆதாரம் காட்டி, இன்றுவரை முடியாமல் இருக்கிறது.

தவமலரின் அடுக்குமாடி தொடக்கத்திலேயே வெளியே விழுந்துவிட்டது. அவள் யூதர் அல்ல, அதனால் அவளுக்கு ஒரு நட்டமும் இல்லை, சனிக்கிழமை அவள் ஒரு யானையை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கலாம். இருந்தும் கடவுச்சீட்டு, மருந்து, அவல், ஒரு போத்தல் தண்ணீர் எல்லாம் வைத்த பை ஒன்று அவளுடைய கதவோரம் மீண்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. எடுத்துவைத்தது தான்தானா என்றுகூட அவளுக்கு நிச்சயமில்லை.

இதையெல்லாம் அவள் பேசக்கூடிய ஒரே ஆள் ஹெர்ஷலின் மனைவி கிட்டெல். கால் இரண்டும் பல வருடமாக நடக்காமல், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அந்த வீட்டையும் ஹெர்ஷலையும் சபையின் பாதியையும் ஆண்டுகொண்டிருந்தவர். சபாத் காலையில் ஹெர்ஷல் அவரைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். அந்த ஒரு பயணம்தான் கிட்டெலுக்கு வாரம். தவமலர் அவரை அக்கா என்றுதான் அழைப்பாள், அதன் பொருளைக் கேட்டறிந்த நாளிலிருந்து கிட்டெல் வேறு பெயருக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை. பொது ரொட்டியைப் பெட்டியில் வைக்கும் நாளில், சபையின் சார்பாக அதைத் தூக்கிப் பிடிக்கும் சடங்கின்போது, கிட்டெல் சமையலறையிலிருந்து தவமலரை இழுத்துவந்து, "பிடி, நீயும் தூக்கு," என்றார். அது சட்டப்படி செல்லாது என்றார் ஹெர்ஷல். "எனக்குச் செல்லும்," என்றார் கிட்டெல்.

கம்பி அவர்களுடைய தெருவின் முனைக்கு வந்த கிழமை தவமலர் கேட்டாள்: "அக்கா, இது கடைசியில எங்க வந்து நிக்கும்?"

"கடைசி எண்டு ஒண்டு இருக்கெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"நான் பாத்திருக்கிறன்."

"பாத்தனி. பிறகு?"

"பிறகு கடல்."

கிட்டெலின் தாயாரும் வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில், ஒரு கோட்டுக்குள் அடைபட்டு இருந்தவர். அதைப் பற்றி அவர் ஒருபோதும் பேசியதில்லை என்பதுதான் கிட்டெலுக்கு அதைப் பற்றித் தெரிந்த எல்லாம்.

"இங்க கடல் இல்லையே, பிள்ளை."

"அதுதான் அக்கா எனக்குப் பயம்."

குளிர்காலம் தொடங்கியபோது வீடாக மிஞ்சியது தொழுகைக்கூடமும் அதைச் சுற்றிய சில தெருக்களும்தான். அவற்றுள் ஒன்றில் ஹெர்ஷலும் கிட்டெலும் இருந்தார்கள். சனிக்கிழமைகளில் தவமலர் கூடத்தின் மதிய உணவுக்குப் பரிமாறப் போவாள். ஓய்வுநாளில் கூடத்தின் முன்னால் கார் ஓட்டிக்கொண்டு போவது மரியாதையில்லை என்று, தெருவின் மறுமுனையில் தமிழ் வகுப்புகள் நடக்கும் பள்ளிக்கூடத்து முற்றத்தில் காரை விட்டுவிட்டு நடப்பாள். வழியில் ஹெர்ஷலும் கிட்டெலும் சேர்ந்துகொள்வார்கள். அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான். பனி பெய்யத் தொடங்கியிருந்தது. காற்று பள்ளத்தாக்கிலிருந்து நேராக வந்து முகத்தில் அறைந்தது. தெருவின் நடுப்பகுதியைத் தாண்டியிருந்தார்கள், கூடத்தின் கதவு கண்ணுக்குத் தெரிந்தது.

அதுவரை தூண்கள் யாரும் பார்க்கும்போது நகர்ந்ததில்லை. இப்போது அவை நடைபாதையின் இரு பக்கத்தாலும், கொங்கிறீற்றுக் காலோடும் பாசியோடும், ஒரு சத்தமும் இல்லாமல் வந்தன. கொடியில் காயப்போட்ட சேலையை மழைக்குப் பயந்து உள்ளே இழுப்பதுபோலக் கம்பி அவர்களுடைய தலைக்கு மேலே வந்து, கடந்து, போய்க்கொண்டே இருந்தது. பனியில் ஒரு தடமும் இல்லை.

ஹெர்ஷல் முகத்தை மேலே தூக்கினார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஏதோ கடந்துபோனது தெரிந்திருந்தது. "தவா, கம்பி எங்க?"

"போயிட்டுது."

"அறுந்துதா?"

"அறேல்லை. எங்களைத் தாண்டிக் கூடத்துச் சுவரோட போய் ஒட்டிக்கொண்டு நிக்குது."

அவருடைய கைகள் சுடுசட்டியைத் தொட்டதுபோல நாற்காலியிலிருந்து விலகின. அவர்கள் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தவர்கள், இப்போது தெருவில் நின்றார்கள். முன்னாலும் தள்ளக் கூடாது, பின்னாலும் தள்ளக் கூடாது. தவமலர் ஒன்றும் யோசிக்காமல் நாற்காலியின் பிடியைப் பற்றினாள். கிட்டெல் கையை நீட்டிச் சக்கரத்தின் தடையைப் போட்டார்.

"விடு, பிள்ளை."

"அக்கா, நான் யூத ஆள் இல்லை. எனக்கு இது குற்றமில்லை. ஏலாத வருத்தக்காரருக்கு வெளியாள் உதவலாம் எண்டு ரபியே சொல்லியிருக்கிறார்."

"வெளியாள் உதவலாம். நீ எங்கட ரொட்டியைத் தூக்கினனி. இண்டைக்கு எனக்கு வசதி எண்டு உன்னை வெளியாள் ஆக்கினால், அண்டைக்கு நான் செய்தது பகிடி எண்டாகும். நான் பகிடி செய்யேல்லை."

கூடத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முகங்கள் சேர்ந்தன. ரபி நாகும் கதவை ஒரு விரல் அளவு திறந்து கத்தினார்: "உயிருக்கு ஆபத்தெண்டால் எல்லாம் செய்யலாம். ஆபத்தெண்டு ஒரு சொல் சொல்லுங்கோ, நானே வந்து தள்ளுறன்."

"எனக்குக் குளிருது," என்று கிட்டெல் திருப்பிக் கத்தினார். "குளிருக்கு ஆபத்தெண்டு பேரில்லை. சாகேக்க சொல்லியனுப்புறன்."

மஞ்சள் மேலாடைத் தொண்டர்கள் இருவர் வாசற்படிக்கு வந்தார்கள், காலைத் தூக்கினார்கள், வைக்காமல் நின்றார்கள். வெறுங்கையோடு வெளியே வர எந்தச் சட்டமும் தடையில்லை, ஆனால் திரும்பும்போது உள்ளே என்பது எங்கே இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கிட்டெலின் போர்வையின் மேல் பனி கரையாமல் படியத் தொடங்கியிருந்தது. கதவுக்குப் பின்னால் இருந்த முகங்களில் ஏதோ ஒன்று மெல்ல மாறிக்கொண்டிருப்பதைத் தவமலர் பார்த்தாள். ஒன்றிரண்டு கண்கள் நாற்காலியை விட்டு வேறெங்கோ நகர்ந்தன. பேக்கரியின் பெயர் மறந்துபோன அதே வழியாகக் கிட்டெலின் பெயரும் போகப்போகிறது, இன்னும் அரை மணி நேரம் இருந்தால் போதும் என்று அவளுக்கு விளங்கியது.

"மிஸ்டர் ஹெர்ஷல், ஏதாவது செய்யுங்கோ. உங்கட புத்தகங்களில எதுக்கும் ஒரு வழி இருக்குமே."

"இருக்கு," என்றார் ஹெர்ஷல். "சொன்னால் பிழையாப் போகும்."

"சொல்லாட்டிச் செத்துப் போவா."

அவர் அவளுடைய காதருகே வந்தார். "ஆக்கள் சுவராகலாம். ரெண்டு பக்கமும் நெருக்கமா, கதவு வரைக்கும் நிண்டால் அது சுவர், நடுவில இருக்கிறது வீடு. பழைய தீர்ப்பு, உறுதியான தீர்ப்பு. ஒரே ஒரு நிபந்தனை. தாங்கள் சுவர் எண்டு சுவருக்குத் தெரியக் கூடாது. இப்ப உங்களுக்குத் தெரிஞ்சிட்டுது, இனி நீங்கள் சுவரில்லை."

"உள்ளுக்கு அத்தனை சனம் நிக்குதே."

"அவை எல்லாரும் படிச்ச சனம், தவா. கதவைத் திறந்து வெளியில வந்து ரெண்டு வரிசையா நிக்கச் சொன்ன உடனே ஏனெண்டு விளங்கிப்போடும். ஒரு சதத்துக்கும் உதவாது."

தவமலர் ஓடினாள். வந்த வழியே, பனி சறுக்கும் தெருவில், பள்ளிக்கூடத்து முற்றத்துக்கு ஓடினாள். பிள்ளைகள் உள்ளே உயிர்மெய் எழுதிக்கொண்டிருந்தார்கள், பெற்றோர் மண்டபத்தின் கதவருகே கோப்பிக் கோப்பைகளோடு ஊர்ப் புதினம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓடும்போதே அவள் பொய்களைத் தேடினாள். சாப்பாடு கொடுக்கிறார்கள் என்றால் வரிசையில் நிற்பார்கள், ஆனால் இவர்களில் பாதிப் பேர் உண்மையிலேயே சோற்றுக்கு வரிசையில் நின்றவர்கள், அந்தப் பொய்யை அவளால் வாயில் எடுக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் சுவர் கெட்டுவிடும். மூச்சிரைக்கப் பேரின்பநாதன் முன்னால் போய் நின்றபோது, பள்ளத்தாக்கின் காற்று அவளுடைய முதுகில் அறைந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லித்தந்தது.

"தம்பி, ஒரு வயசு போன மனிசி றோட்டில நிக்கிறா, சக்கரக் கதிரையில. காத்து வெட்டுது. எல்லாரும் வந்து ரெண்டு பக்கமும் தோளோட தோள் நிண்டு மறைச்சால், அவ மெல்ல மெல்லக் கோயிலுக்குள்ள போய்ச் சேந்திடுவா."

"அதுக்கேன் அக்கா சனம்? நாங்கள் நாலு பேர் வந்து கதிரையோட தூக்கிக்கொண்டு போய் வைச்சிட்டு வாறம்."

"தொட விடமாட்டா."

"கோவக்காரியோ?"

"பொல்லாத கோவக்காரி."

"எங்கட மாமி மாதிரி," என்றார் பேரின்பநாதன், அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தேர்த் திருவிழாவில் சனத்தை ஒதுக்கிப் பழகிய குரலில் அவர் ஒரு கூப்பாடு போட்டார். பெற்றோர் வந்தார்கள், ஆசிரியைகள் வந்தார்கள், அவர்கள் வந்ததால் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளும் வந்தார்கள்.

கூடத்துக்குள் இருந்தவர்கள் கண்டது வேறு. எதையோ கத்திக்கொண்டு, பனிக்குள்ளால், தெருவை அடைத்து, முன்பின் தெரியாத பெருங்கூட்டம் ஒன்று தங்கள் கதவை நோக்கி ஓடிவருவதை அவர்கள் கண்டார்கள். முதலாவது பூட்டு விழுந்தது, இரண்டாவது விழுந்தது, மூன்றாவது விழுந்தது. யன்னல்களில் இருந்த முகங்கள் கீழே குனிந்து மறைந்தன.

சனம் நின்றது. ஹெர்ஷலின் வலப்பக்கம் ஒரு வரிசை, இடப்பக்கம் ஒரு வரிசை, நாற்காலிக்குப் பின்னால் வளைத்து ஒரு வரிசை. கோப்பிக் கோப்பையோடும், குடையோடும், கைப்பையோடும், கூடத்தின் படிவரை நீண்டு நின்றது. காற்று அடங்கியது. அந்த ஒடுக்கமான இடத்துக்குள் பனியும் நேராக இறங்கத் தொடங்கியது. கிட்டெல் தடையை எடுத்தார், ஹெர்ஷல் தள்ளத் தொடங்கினார். தவமலர் மட்டும் வரிசைக்கு வெளியே, தெருவின் நடுவே, காற்றின் வாயில் தனியே நின்றாள். ஏனென்றால் அவளுக்குத் தெரியும்.

அதனால்தான் அவளுக்குத் தெரிந்தது, வரிசை போதாது என்பதும். கதவருகே ஆள் குறைந்து, மனிதருக்கு மனிதர் இடம் விட்டு நின்றார்கள். அந்த இடைவெளிகளுக்குள்ளால் ஒரு பசுக் கன்று தாராளமாகப் புகுந்து வெளியேறலாம், மேலே ஒரு கம்பியும் இல்லாமல் கன்று புகும் வேலியை எந்தச் சட்டமும் வேலி என்று சொல்லாது. ஓடிப்போய் அதில் ஓர் இடைவெளியை அடைக்க அவளுடைய கால் எழுந்தது, அவள் காலை மறுபடி கீழே வைத்தாள். நெருங்குங்கோ, காத்து வருது என்று கத்தினாள். நெருங்க ஆள் இல்லை. ஹெர்ஷல் தள்ளிக்கொண்டே வந்தார், அவருக்குக் கண் தெரியாது, கேட்டால் அவள் சொல்ல வேண்டும்.

அப்போது கதவுக்கு மிக அருகில் நின்ற பேரின்பநாதன், கண்ணாடிக்குப் பின்னால் தரையோடு குனிந்திருந்த ஒரு தலையைக் கண்டார். அந்தத் தலை எதற்காகக் குனிந்திருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை; எத்தனையோ சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்தவர் அவர்.

"உள்ளுக்கு நிக்கிற சனம் எங்களுக்குப் பயப்பிடுது," என்று அவர் பின்னால் திரும்பிச் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் வரிசை முழுவதும் அது போய்ச் சேர்ந்தது. "கையில இருக்கிறதுகளைக் கீழ வையுங்கோ. கையை விரிச்சுக் காட்டுங்கோ."

கோப்பைகள் பனியில் வைக்கப்பட்டன, குடைகள் வைக்கப்பட்டன. பெரியவர்கள் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தெரிய விரித்தார்கள். அதை எங்கே பழகினார்கள் என்று தெரியாத பிள்ளைகள் அவர்களைப் பார்த்து விரித்தார்கள். ஒருவர் விரல் மற்றவர் விரலைத் தொட்டது. ஓர் இடைவெளியும் இல்லை. தெருவின் இரு பக்கமும் வெறுங்கைகளாலான ஒரு நீளமான சுவர், தான் சுவர் என்று தெரியாமல், நடுங்கிக்கொண்டு நின்றது. காற்றுக்குச் சுவராக நிற்பது தெரிந்தவர்களைச் சட்டத்துக்குச் சுவர் என்று தெரியாதவர்களாகக் கொள்ளலாமா என்று ரபியும் ஹெர்ஷலும் அந்தக் குளிர்காலம் முழுதும் வாதாடப்போகிறார்கள், இருவருக்கும் அதைவிட இனிமையான குளிர்காலம் வாய்த்திருக்காது. ஆனால் அந்தக் கணத்தில் ஹெர்ஷல் வாதாடவில்லை. நாற்காலியைப் படிக்குப் பக்கத்து ஏற்றத்தால் ஏற்றிக் கதவைத் தட்டினார்.

"ஆர் அது?" உள்ளிருந்து குரல் வந்தது.

"ஹெர்ஷல். கிட்டெலோட."

"பின்னால ஆர்?"

எத்தனையோ வருடமாக நிற்கிறது அல்லது நிற்கவில்லை என்று மட்டுமே சொல்லிப் பழகிய வாய், இப்போது என்ன சொல்வது என்று தேடியது. அவர்கள் சுவர் என்று சொன்னால் சுவர் கேட்டுவிடும். "காத்துக்கு நிக்கிற ஆக்கள்," என்றார்.

ரபி நாகும் மெல்ல எழுந்து கண்ணாடியில் முகத்தை வைத்தார். விரித்த கைகளின் இரண்டு வரிசையைப் பார்த்தார், அதன் நடுவே பனி மூடிய போர்வைக்குள் இருந்து தன்னை முறைத்துக்கொண்டிருந்த கிட்டெலைப் பார்த்தார், வரிசைக்கு வெளியே தனியாக நின்ற தவமலரைப் பார்த்தார், அவள் ஏன் வெளியே நிற்கிறாள் என்று யோசித்தார். யோசித்து முடித்ததும் அவருடைய முகத்தில் எல்லாம் தெரிந்தது, தெரிந்ததை அவர் உடனே மூடிக்கொண்டார், ஏனென்றால் ஒரு புன்னகைகூடச் சுவரை இடித்துவிடலாம். பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கிட்டெல் உள்ளே போனார். அவர் முழுவதுமாக உள்ளே போன பிறகு, எதற்கு நன்றி சொல்கிறோம் என்று சொல்ல முடியாத ஒருவரின் தடுமாற்றத்தோடு, ரபி வெளியே பார்த்துச் சொன்னார்: "குளிருது. எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ. சாப்பாடு சூடாயிருக்கு."

"எங்களுக்குச் சைவமும் வேணும்," என்றார் பேரின்பநாதன். சுவர் சிரித்துக்கொண்டு கலைந்து, கோப்பைகளையும் குடைகளையும் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனது.

தவமலர் கடைசியாகப் படியேறினாள். கதவுக்குள் நின்று ஹெர்ஷல் கேட்டார்: "தவா, கம்பி இப்ப எங்க நிக்குது?"

பழக்கத்தால் அவளுடைய கழுத்து நிமிரத் தொடங்கியது. அவள் அதைத் தடுத்தாள். மேலே கூடத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு அது நிற்கலாம், உள்ளே இருப்பவர்களையும் தாண்டி இன்னும் உள்ளே போயிருக்கலாம், தெருவைக் கடந்து எங்கோ கண்ணுக்கெட்டாமல் போயிருக்கலாம். எதுவானாலும் அதைப் பார்க்கும் தைரியம் அப்போது அவளிடம் இல்லை.

"வெள்ளிக்கிழமை பாப்பம்," என்றாள்.

உள்ளே காற்று வருகிறது, கதவைச் சாத்துங்கள் என்று யாரோ சொன்னார்கள். அவள் கதவின் பிடியில் கையை வைத்தாள். வெளியே பனி, தெரு, யாரும் இல்லை. இன்னும் யாராவது வரக்கூடும் என்று சொல்லிவிட்டு, யார் வருவார்களோ என்ற பயத்தோடு, கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.